வண்ணம் போனால் என்ன மிஞ்சும்?

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

உங்கள் கையில் இருக்கும் இந்த ஆண்டு மலரில் அட்டையைத் தவிர மற்றப் பக்கங்கள் எல்லாம் கருப்பு மை ஒன்றில்தான் அச்சாகியிருக்கின்றன. நான்கு வண்ணத்துக்கு நம் சங்கத்தின் பட்ஜெட் இடம் தரவில்லை. ஆகவே வண்ணத்தில் எடுத்த மலைக்கோட்டைப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும் வேலை என்னிடம் வந்தது. "ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது, இதுல என்னடா வேலை இருக்கு?" என்று சீனியர் அண்ணன் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா தெப்பக்குளம் பக்கம் பூக்கட்டி விற்கிறாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்க அவங்களுக்கு வராது. என் எழுத்து முதன்முதலாக அச்சில் வரும் இந்தப் புத்தகத்தில் அம்மா தானாகப் படிக்கப் போவது அந்த ஒரு படத்தை மட்டும்தான். கட்டுரையை நான் வாசித்துக் காட்டிவிடலாம். படம் தானாகவே பேச வேண்டும் அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருவோம். வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கருப்பு வெள்ளைக்கோ ஒரே எண்தான் வேண்டும். மூன்றை எப்படி ஒன்றாக்குவது? நாம் டிவி பாடத்தில் படித்த சூத்திரம்தான்: சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும் என்பதால் இந்தப் பங்கீடு. 1982-ல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது பழைய கருப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தெரிந்ததே, அது இந்தக் கணக்கில் பிறந்த லூமினன்ஸ் சிக்னலின் புண்ணியம்.

நம் படம் சத்திரம் பக்கம் ஒரு மொட்டை மாடியிலிருந்து, மாலை நான்கு மணி வெயிலில் எடுத்தது. வெயில் பட்ட பாறையில் ஒரு புள்ளியின் எண்கள் 185, 150, 120. அதை ஒட்டிய வானத்தில் 120, 165, 215. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் விடை 157! பழுப்பும் நீலமும் ஒரே சாம்பலாகிவிட்டன. மலை வானத்தில் கரைந்துபோனது. பட்டனை அமுக்கினால் கிடைப்பது இதுதான்.

கிம்ப் மென்பொருளில் சேனல் மிக்சர் என்று ஒன்று இருக்கிறது. அதில் இந்தப் பங்கீட்டை நாமே மாற்றலாம். சிவப்பை மட்டும் எடுத்தால் பாறை 185, வானம் 120. மலை வெளுத்து, வானம் இருண்டு நிற்கும். அமெரிக்காவின் அன்சல் ஆடம்ஸ் 1927-ல் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பெரும்பாறையை எடுத்தபோது லென்சுக்கு முன்னால் கருஞ்சிவப்பு ஃபில்டரை மாட்டி வானத்தை இப்படித்தான் கருப்பாக்கினார்.

நீலத்தை மட்டும் எடுத்தால் எல்லாம் தலைகீழ். வானம் 215, பாறை 120. வெள்ளை வானத்தின் முன்னால் மலை கருத்துப்போகும். இதுவும் புதிதல்ல. சென்னை மாகாண அரசு 1856-ல் நியமித்த புகைப்படக்காரர் கேப்டன் லினேயஸ் டிரைப், 1858-ல் நம் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படம் எடுத்தார். அன்றைய காகித நெகடிவுக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிபடும்; சிவப்பு ஏறாது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் சும்மா விடவில்லை. நெகடிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இவ்வளவு வேலை நடந்திருக்கிறது!

இரண்டு விதமாகவும் மாற்றி, பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். சிவப்பில் எடுத்ததைப் பார்த்ததும், "என்னடா தம்பி, மழை கட்டி நிக்குது? இப்படி இருந்தா நான் கடை போடவே மாட்டேனே" என்றாங்க. நீலத்தில் எடுத்தது கொஞ்சம் பிடித்தது. "விடியக்காலம் ஸ்ரீரங்கத்துல பூ வாங்கிட்டுப் பாலத்துல வரும்போது மலை இப்படித்தான் கருப்பா நிக்கும். ஆனா உச்சிப் பிள்ளையார் கோயில் வானத்தோட ஒட்டிக்கிச்சே?" உண்மைதான். வெள்ளைச் சுவர் வெள்ளை வானத்தில் காணாமல் போயிருந்தது.

பிறகு லேபில் உட்கார்ந்து சிவப்பு 60, பச்சை 30, நீலம் 10 என்று வைத்தேன். பாறை 168, வானம் 143. மலை வெயிலில் நின்றது. வானம் இருட்டவும் இல்லை. அம்மா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இது சாயங்காலம். யாவாரம் ஆகுற நேரம்" என்றாங்க. படம் எடுத்த நேரத்தை நான் அவங்களிடம் சொல்லியிருக்கவே இல்லை.

நண்பர்களே, வண்ணம் போனால் மிஞ்சுவது வெளிச்சம். எதற்கு எவ்வளவு வெளிச்சம் என்று யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும். நாம் தீர்மானிக்காவிட்டால் மெஷின் தன் வழக்கப்படி தீர்மானித்துவிடும். மெஷினுக்கு நம் ஊர் வானமும் தெரியாது, பூ விற்கும் நேரமும் தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் படத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதில் சாம்பல் நிறமே இருக்காது. சிறிதும் பெரிதுமாகக் கருப்புப் புள்ளிகள்தான். ஆனாலும் மலைக்கோட்டையில் வெயில் அடிப்பது தெரிகிறதா? தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் லேபுக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து இன்னொரு கலவை போட்டுப் பார்ப்போம்.