மன்னார்த் தீவும் முப்பது கோபுரங்களும்

மன்னார்த் தீவுக்கு வீதிவழி ஒன்றுதான். திருக்கேதீச்சரப் பக்கமிருந்து வரும் வீதி, இருபுறமும் சேறும் உப்புநீரும் பரந்துகிடக்கும் வெளிக்கு நடுவே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் தாம்போதியில் ஓடி, 2010இல் திறந்த பாலத்தைக் கடந்து, பழைய கோட்டைக்கு முன்னால் கொண்டுவந்து விடும். போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டை அது. நகரத்தைத் தாண்டினால் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது ஊர் வழக்கு. வீதியோரத்தில் கழுதைகள் தம்பாட்டில் மேயும். அதற்கப்பால் தலைமன்னார் வரைக்கும் பனை, மணல், மறுபடி பனை.

வடக்கே பாக்குநீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கிறது தீவு. வடகரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தென்கரைக்கும், தென்கரை கொந்தளிக்கும்போது வடகரைக்கும் தொழிலை மாற்றிக்கொள்வது இங்குள்ள மீனவரின் ஆண்டுக் கணக்கு. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியதையும், 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததையும் இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். போரில் நின்றுபோன ரயில் 2015 மார்ச்சில்தான் இறங்குதுறை வரை திரும்பி வந்தது.

தென்கரையில் எழுந்த காற்றாலைகளைப் பற்றிப் பேசுமுன் தீவின் இன்னொரு அனுபவத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல படகேறி இராமேஸ்வரம் போய் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தன. கத்தோலிக்கர், சைவர், முஸ்லிம் என்று யாரைக் கேட்டாலும், ஒருமுறையேனும் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய கதை இருக்கும். திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, வேலி கட்டியவர்கள் இவர்கள். காணியை அளக்க யாராவது அளவுநாடாவுடன் வந்தால் இவர்கள் பதறுவதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் வீசும். பாதையில் மறிக்க மலையில்லை, மேடில்லை. வளைகுடாவைத் தாண்டி நேரே வந்து தென்கரையில் மோதும். பிறகு ஆண்டு முடிவில் வாடை. இலங்கையில் காற்று மின்சாரத்துக்கு மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று மன்னார் என்று பொறியியலாளர் சொல்வது சரியே. அந்தக் கணக்கில்தான் 'தம்பபவனி' வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடன், டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தின் 30 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற். 2020 டிசெம்பரில் திறந்துவைத்தார்கள். கட்டியது இலங்கை மின்சார சபை. சுழலும் இறக்கைகளின் விட்டம் 126 மீற்றர். தென்கரையில் நின்று பார்த்தால் கோபுரங்கள் கடலோரத்தோடு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். பிறக்கும் மின்சாரம் நடுக்குடாத் துணைமின் நிலையத்துக்கு வந்து, 220 கிலோவோற் கம்பியில் தீவைக் கடந்து நாட்டுக்குள் போகிறது.

இதனால் நாட்டுக்கு வந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நாளில் பத்து மணிநேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற நாடு இது. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. இறக்குமதி எண்ணெயில்லாமல், நிலக்கரியில்லாமல் கிடைக்கும் ஒவ்வொரு அலகும் ஏதோவோர் ஏழை வீட்டுக் கட்டணத்தைக் கொஞ்சமாவது தாங்கும். தம்பபவனி அரச சொத்து என்பதால் வருமானமும் பொதுக் கணக்குக்கே போகிறது.

ஆனால் ஆதாயம் நாடு முழுதுக்கும் பரவலாய்ப் போய்ச் சேர, செலவு ஒரே கரையில் குவிகிறது. அந்தக் கரையில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

கரைவலைத் தொழிலுக்குக் கடல் மட்டும் போதாது, கரையும் வேண்டும். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து, இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வர, கடைசியில் மீன் சேர்ந்த மடி மணலில் ஏறும். அதற்கு நீளமான, தடையில்லாத மணற்கரை தேவை. அதைத்தான் பாடு என்கிறோம். வலை முதலாளியான சம்மாட்டியின் வாடி, வலை காயப்போடும் இடம், கருவாடு பரப்பும் இடம், படகை ஏற்றும் இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். எந்தப் பாடு யாருடையது என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் அந்த மணலுக்குக் காணி உறுதி இருக்காது. காற்றாலை வரும்போது உறுதி வைத்திருப்பவருக்குக் காணியின் விலை கிடைக்கிறது. சிலர் நல்ல விலைக்கே விற்றார்கள், அது அவர்கள் உரிமை. பாட்டில் கயிறு பிடித்து இழுத்துப் பங்குக் காசு வாங்குபவர் எந்த அட்டவணையிலும் இல்லை. கோபுரங்கள் வந்த பிறகு கரையோரத்து மீன் குறைந்துவிட்டது என்று தென்கரை மீனவர்கள் சொல்கிறார்கள். இந்திய இழுவைப் படகுகள் வடக்குக் கடலைச் சுரண்ட, தெற்கிலும் மடி வெறுமையாக வந்தால் அவர்கள் எங்கே போவது? மீன் குறைந்ததா, ஏன் குறைந்தது என்பதை ஆண்டுக்காண்டு அளந்து காட்டும் பொறுப்பு திட்டத்தை நடத்துபவருடையது. அதை நிறுவிக் காட்டும்படி மீனவரிடம் கேட்பது நியாயமில்லை.

அடுத்தது தண்ணீர். தீவின் நன்னீர், மணலுக்குள் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ ஒரு வளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தால் சில அடியிலேயே தண்ணீர் தெரியும். குடிக்கவும் தோட்டத்துக்கும் அதுதான். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு தாழ்ந்த நிலத்தில் மழைவெள்ளம் வடிய வேண்டிய வழிகளும் நுட்பமானவை. கோபுரத்துக்கு அத்திவாரம், பாரவண்டி போக மேடாக்கிய பாதை, பாரந்தூக்கி நிற்கத் தளம் என்று ஒவ்வொன்றாக வந்த பிறகு மாரியில் வெள்ளம் முன்போல வடிவதில்லை, வளவுகளில் நாட்கணக்கில் நிற்கிறது என்பது ஊர்மக்களின் முறைப்பாடு. மேடாக்கிய பாதை நீரோட்டத்தை மறிக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எந்தெந்த இடத்தில் மதகு வேண்டும் என்பதை அந்த ஊரில் ஐம்பது மாரி கண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தால் ஒரே நாளில் குறித்துவிடலாம். வெட்டப்படும் பனைகளின் கதையும் உண்டு. ஒரு பனை பயன் தருவதற்கே பதினைந்து, இருபது வருடம் செல்லும். ஓலையும் கிழங்கும் பனாட்டும் பெண்களின் கைக்காசு.

இவற்றோடு இல்மனைற் மணலுக்காகத் தீவில் துளையிட்டுப் பார்த்த வெளிநாட்டுக் கம்பனியைப் பற்றிய பயமும் சேர்ந்திருக்கிறது. மேலே காற்று, கீழே மணல் என்று இரண்டுக்கும் ஆள் வந்தால் நடுவில் இருக்கும் நாங்கள் எங்கே என்பதுதான் ஊர்க் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி.

பறவைகளுக்காகக் கூட்டத்தில் எழுந்து பேச யாருமில்லை, ஆகையால் இங்கே சொல்கிறேன். மத்திய ஆசியப் பறவைப் பாதையில் தெற்கே வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் முக்கிய வாசல் மன்னார். தாம்போதியின் ஓரத்தில் கிடக்கும் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கூட்டங்கூட்டமாக நிற்பதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். தம்பபவனியில் பறவைக் கூட்டம் நெருங்குவதைக் கண்டுபிடிக்க ராடர் வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் இறக்கை ஒன்றே ஆபத்து அல்ல. ஈரநிலத்தின் மேலாகப் போகும் மின்கம்பியிலும் பறவைகள் மோதும். கோபுரங்களின் எண்ணிக்கை கூடக்கூட வானத்தில் இடைவெளி குறைகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே சூழல் அறிக்கை எழுதிக்கொண்டு போனால் எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

புதிய காற்றாலைகளைப் பற்றிக் கொழும்பில் நடந்த விவாதம் பெரும்பாலும் விலையைப் பற்றியது. இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரில் 250 மெகாவாற்றும் பூநகரியில் 234 மெகாவாற்றும் நிறுவ 44 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட முதலீட்டோடு வந்தது. அப்போதைய அரசு 2024இல் ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், இருபது வருடத்துக்கு. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. புதிய அரசு விலை அதிகம் என்றது. 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. வேறொரு 50 மெகாவாற் திட்டத்துக்கு உள்நாட்டுக் கம்பனியிடமிருந்து 4.65 சதத்துக்கே கேள்விமனு கிடைத்தபோது, பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தலைநகரம் எண்ணிக்கொண்டது.

மன்னாரில் ஒன்றும் தீரவில்லை. 8.26 ஆனாலும் 4.65 ஆனாலும் அதே கரை, அதே கிணறு, அதே பாடு. விலையைக் குறைக்கும் போட்டியில் கம்பனி எதை மிச்சம்பிடிக்கப் பார்க்கும்? மதகையும் கண்காணிப்பையும் நட்டஈட்டையும் கேள்விமனுவின் நிபந்தனையாக எழுதிவைக்காவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அவைதான். மலிவான மின்சாரம் எனக்கும் வேண்டும். அந்த மலிவு மன்னார்க் கரையைப் பிழிந்து வருவதாக இருக்கக்கூடாது.

2025 ஓகஸ்டில், 50 மெகாவாற், 20 மெகாவாற் என்ற இரண்டு புதிய திட்டங்களின் வேலை தொடங்கியபோது மக்கள் நகரத்தில் இரவு பகலாகக் கூடிவிட்டார்கள். மறைமாவட்டக் குருக்களும் இளைஞர்களும் மூன்று சமூகத்துப் பெண்களும் ஒன்றாக இருந்தார்கள். போருக்குப் பிறகு இத்தீவில் மூன்று சமூகமும் இப்படி ஒரே பந்தலில் இருப்பது சாதாரண விஷயமல்ல. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார். செப்டெம்பர் 26 இரவு காற்றாலை உதிரிப்பாகங்களை ஏற்றிய பாரவண்டிகள் பொலிஸ் காவலோடு வந்தன. மறித்தவர்களைப் பலவந்தமாக அப்புறப்படுத்தினார்கள். பலர் காயப்பட்டார்கள். அடுத்து வந்த ஹர்த்தாலில் நகரம் மூடிக்கிடந்தது. மக்கள் சம்மதமின்றித் தீவில் இனிப் புதிய காற்றாலை வராது, ஏற்கெனவே அனுமதித்தவை மட்டும் தொடரும் என்பது அரசின் நிலைப்பாடு. சம்மதம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் நள்ளிரவில் பொலிஸ் காவலோடு வந்த இரண்டு திட்டங்களுக்கு அந்தச் சம்மதம் எப்போது கேட்கப்பட்டது?

மன்னார் மக்கள் அபிவிருத்திக்கு எதிரி என்று பேசுபவர்கள் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையையும் நினைக்க வேண்டும். 900 மெகாவாற் நிலக்கரி ஆலைக்கு அருகில் வாழ்பவர்கள் சாம்பல் தூசியைப் பற்றி வருடக்கணக்காக முறையிடுகிறார்கள். மன்னாரின் வீடுகளில் எரியும் விளக்கிலும் அவர்களின் பங்கு இருக்கிறது. ஆகவே காற்றாலையே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. காணி, கரை, தண்ணீர் தருகிறவருக்கு அதில் உரிமையுள்ள பங்கு வேண்டும் என்பதே என் கட்சி.

அது நடக்காத காரியமும் அல்ல. தம்பபவனியின் இயந்திரங்களைச் செய்த டென்மார்க்கில், காற்றாலையிலிருந்து 4.5 கிலோமீற்றருக்குள் வாழ்பவர்களுக்குப் பங்குகளில் குறைந்தது 20 வீதத்தை விற்க முன்வர வேண்டும் என்ற சட்டமே 2009இல் அமுலுக்கு வந்தது. அது பத்து வருடத்துக்கு மேல் நடைமுறையில் இருந்தது. கொப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே 2000இல் எழுந்த 40 மெகாவாற் மிடல்குருண்டன் காற்றாலையில் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். கடலுக்கு அப்பால், கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனும் எடுத்து 350 கிலோவாற் காற்றாலை ஒன்றைத் தானே வாங்கியது. ஊரின் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை விற்றுக் கடனை அடைத்தது. ஒரு தமிழ்க் கிராமத்து ஊராட்சிக்கு முடிந்தது மன்னார்ப் பிரதேச சபைக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஏன் முடியாது?

எனவே அடுத்த திட்டம் எந்தக் கம்பனியிடம் போனாலும், அரசே கட்டினாலும், அலகு விலைக்குப் பக்கத்திலேயே தீவின் பங்கு எவ்வளவு என்பதை எழுதட்டும். கரைவலைப் பாடுகளையும் வெள்ள வாய்க்கால்களையும் ஊர்மக்களோடு நடந்து வரைபடத்தில் குறிக்கட்டும். தீவில் நிற்கும் எல்லாக் கோபுரங்களையும் சேர்த்து ஒரே சூழல் அறிக்கை தமிழில், கிராம சேவகர் அலுவலகங்களில், எல்லோரும் வாசிக்கும்படி வைக்கட்டும். அதற்குப் பிறகு சம்மதம் கேட்கட்டும். இவை முடியும்வரை தீவில் இன்னொரு அத்திவாரக் குழி வெட்டக்கூடாது.