இடது கை

அரேஞ்சர் கீபோர்டு தனி ஆளுக்கு ஒரு கோஷ்டியை விற்கிற சாதனம். இடது கையால் ஒரு கார்டைத் தொட்டால் டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் எழுந்துகொள்கின்றன. இந்தியாவுக்கென்று வரும் மாடல்களில் தபலாவும் தம்புராவும்கூட உண்டு. தி. நகர்க் கடையொன்றில் வாசித்துக் காட்டிய இளைஞர், ‘ஒரு விரல் வெச்சாப் போதும் சார், மத்ததை அது பாத்துக்கும்’ என்றார். வாஸ்தவம். மற்றதை அது பார்த்துக்கொள்வதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது மெதுவான பியானோ. ஆம்பியன்ட் என்று இந்த வகைக்குப் பெயர் வைத்த ப்ரையன் ஈனோ, விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் இடம் தருகிற இசை என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே, 1920-இல், எரிக் ஸாட்டி பாரிஸில் மேஜை நாற்காலிபோல் இருக்கவேண்டிய இசை என்று ஒன்றை நாடக இடைவேளையில் வாசிக்கவைத்தார். ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். பேசுங்கள், நடமாடுங்கள் என்று அவரே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காண்டீனுக்கு எழுந்துபோகிற மயிலாப்பூர் சபையை அவருக்குக் காட்டியிருக்கலாம்.

ஆனால் எழுந்து போகிறவர் கேட்பதையே விட்டுவிடுகிறார். ஸாட்டி தேடியது, கேட்பவன்மேல் உரிமை கொண்டாடாத சப்தம். நமக்கு இது புதிதில்லை. தம்புராவைக் கேட்க யாரும் கச்சேரிக்கு வருவதில்லை. நின்றுபோனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஸாட்டியின் முதல் ஜிம்னோபெடி, 1888-இல் வந்தது, எளியது என்று பெயர் வாங்கியது. அதில் இடது கை கீழே ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு மேலே ஒரு கார்டுக்குத் தாவவேண்டும். கீழ் ஸ்வரம் அதுவரை நிற்கவேண்டும். பெடல் இல்லாவிட்டால் செத்துப்போகும். அரேஞ்சரில் ஸ்டைல் ஓடும்போதோ, பொதுவாக இடப்பக்கத்துக் கட்டைகள் பியானோவாக ஒலிப்பதே இல்லை. கோஷ்டிக்கு உத்தரவு கொடுக்கும் பொத்தான்களாகிவிடுகின்றன. ஸாட்டிக்கு வேண்டிய கையை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது.

88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்கு என் வீட்டில் இடமில்லை. ஆகவே தேர்வு சுருங்கியது: 61 கட்டை, ஐந்து ஸ்தாயி, விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கவேண்டும், பெடல் சொருக இடம் வேண்டும். எத்தனை நூறு ஸ்டைல் என்று கடைக்காரர் சொன்னதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கவிதையிலும் இந்த அரேஞ்சர் உண்டு. எதுகையும் சந்தமும் தாமே ஓடிக் கவிஞனை இழுத்துப்போன காலத்தில், அதை அணைக்கத்தான் புதுக்கவிதை வந்தது. பிறகு அதற்கும் ஒரு கோஷ்டி சேர்ந்துவிட்டது. மௌனம், வெறுமை, நிழல் என்று ஒரு விரல் வைத்தால் போதும், மற்றது வரும். ஆம்பியன்ட்டுக்கும் அந்தக் கதிதான். தூக்கத்துக்கு, படிப்புக்கு, ஆபீஸ் வேலைக்கு என்று மணிக்கணக்கில் கிடைக்கிற பியானோவில் பெரும்பகுதி, அமைதி என்ற ஸ்டைலை ஓடவிட்டது.

வாசிக்கும்போது இது தெரிகிறது, கேட்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்டைலை அணைத்து, பெடலை மிதித்து, கீழ் ஸ்வரத்தை வைத்தபின் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை இடது கைதான் தீர்மானிக்கவேண்டும். பொத்தான் எதுவும் உதவாது. என் கை இன்னும் கொஞ்சம் முந்திக்கொண்டுதான் போகிறது.