மூன்று நாட்கள், இரண்டு பேர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பயணம் என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை! ஆனால் பாஸ்போர்ட்கூட இல்லாதவன் வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டால் நண்பர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினேன்.

நாடு, பால்கன் பகுதியிலுள்ள போஸ்னியா. மூன்றே நாட்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, இஸ்தான்புல்லில் மாறலாம். விசாவுக்குப் புதுதில்லியில் தூதரகம் இருக்கிறது.

முதல் நாள் தலைநகர் சரயேவோ. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம், அங்குள்ள லத்தீன் பாலத்தின் அருகே இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாவாக நாம் படித்த இடத்தில் நேரில் நிற்கலாம்! 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்து, 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட பழைய நூலகக் கட்டடத்தையும் காணலாம்.

இரண்டாம் நாள், ரயிலில் மோஸ்தார் நகரம். அங்கே நெரெத்வா ஆற்றின் மேலுள்ள கற்பாலம்தான் என் பயணத்தின் உயிர். 1566இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுவில் தூண் கிடையாது. ஏறத்தாழ 29 மீட்டருக்கு ஒரே வளைவு. கல்லைக் கல் அழுத்தியே நிற்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற அதனை 1993 நவம்பர் 9 அன்று போரில் பீரங்கிகள் ஆற்றில் வீழ்த்தின. அதே வகைக் கல்லால் பழைய வடிவிலேயே கட்டி, 2004 ஜூலை 23இல் திறந்தார்கள்.

மூன்றாம் நாள் சரயேவோ திரும்பி, விமானம் ஏற வேண்டியதுதான்.

ஓர் இரவு அப்பா கேட்டார்: "ஒரு பாலத்தப் பாக்கவா அம்புட்டு தூரம்?"

அப்பா கொத்தனார். பதில் சொல்லாமல் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கல்ல எதால பிடிச்சிருக்காங்க?"

"இரும்புக் கொக்கி வச்சு, ஈயத்த உருக்கி ஊத்தியிருக்காங்கப்பா."

"நல்ல வேலைக்காரங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "நானும் பெங்களூரு, கொச்சின்னு எத்தனையோ ஊருக்கு வேலைக்குப் போயிருக்கேன். எல்லாம் சாரத்து மேல நின்னு பாத்ததுதான். சுத்திப் பாக்கன்னு ஒரு ஊருக்கும் போனதில்ல" என்றார்.

அன்றே நோட்டிலிருந்த செலவுக் கணக்கை இரண்டால் பெருக்கினேன். தொகை பயமுறுத்தியது. பட்டம் பெற்று, வேலை கிடைத்து, தங்கையின் படிப்பும் முடிய வேண்டும். ஆண்டுகள் பல ஆகலாம், ஆகட்டும்.

முதலில் இரண்டு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதில் கைநாட்டு வைக்க அப்பாவுக்கு மனமில்லை. வேலை முடிந்து வந்ததும் பழைய செய்தித்தாளில் கையெழுத்துப் பழகுகிறார்.

நண்பர்களே, இப்போது சிரியுங்கள் பார்க்கலாம்!