மால்டாத் தீவின் மாரிக்கால விருந்தினர்

ஐரோப்பாவின் குளிர்காலம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன பனி மூடிய கூரைகளும் இலையுதிர்ந்த மரங்களுமே. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் நமக்குக் கற்பித்த காட்சி அது. ஆனால் அதே ஐரோப்பாவின் தென்கோடியில், கோடையில் காய்ந்து கருகிக் குளிர்காலத்தில் பசுமை போர்த்துக்கொள்ளும் சின்னஞ்சிறு தீவு நாடு ஒன்று உண்டு. அதுவே மால்டா. சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலின் நடுவே அது அமைந்துள்ளது. மால்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகளை எல்லாம் சேர்த்தாலும் அதன் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். ஆறு என்று சொல்லத்தக்க ஆறு ஒன்றும் அங்கு இல்லை.

என் மகள் அந்நாட்டு மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். சென்ற சனவரித் திங்களில் அவளைக் காணச் சென்றேன். "குளிர்காலத்தில் அங்கு பார்ப்பதற்கு என்னம்மா இருக்கும்?" என்று புறப்படுமுன் கேட்டிருந்தேன். நான் சென்று சேர்ந்த மறுநாள் காலை அவள் ஒரு தொலைநோக்கியை என் கையில் கொடுத்தாள். "அப்பா, கோடையில் வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருகிறார்கள். இப்போது வந்திருப்பவர்கள் வேறு. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி, என்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள்" என்றாள். பறவைகளைத்தான் அவ்வாறு குறிப்பிட்டாள்.

வேலிச்சுவரின் மேல் ஒரு செம்மார்பு

அக்டோபரில் தொடங்கும் மழை பிப்ரவரி வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய தாழ்ந்த சுவர்களே அங்கு வயல்களுக்கு வேலி. அச்சுவர்களின் ஓரமெங்கும் எலுமிச்சை நிறத்தில் பூக்கள் விரிந்து கிடந்தன. நம் ஊர்ப் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த செடி அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து வேரூன்றியதாயினும், மக்கள் அதனை "ஆங்கிலேயப் பூண்டு" என்கின்றனர். ஆண்டவர்களின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர் போலும்!

அத்தகைய சுவர் ஒன்றின் மேல்தான் ராபின் குருவியை முதன்முதலாகக் கண்டேன். மால்டா மொழியில் அதற்குப் "பித்திர்ரோஸ்" என்று பெயர். செம்மார்பு என்பதே பொருள். சிலுவையில் தொங்கிய ஆண்டவரின் முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்க முயன்றபோது அதன் மார்பு குருதியால் சிவந்தது என்பது ஐரோப்பிய மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. எடை 20 கிராமுக்கும் குறைவான அவ்வுயிர், வட ஐரோப்பாவிலும் நடு ஐரோப்பாவிலும் உள்ள காடுகளிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து, கடலைக் கடந்து இங்கு வந்து சேர்கிறது. வந்ததும் ஆளுக்கொரு சிறு தோட்டத்தைத் தன் எல்லையாக வகுத்துக்கொண்டு பாடத் தொடங்குகிறது. பெரும்பாலான பறவைகள் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே பாட, இப்பறவையோ குளிர்காலத்திலும் பாடுகிறது. பெண் பறவையும் தன் எல்லைக்காகத் தனித்துப் பாடுவது இதன் சிறப்பு.

மகளின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் முதியவர் ஒருவர் மனைவியுடன் வாழ்கிறார். மகள் வந்த முதல் குளிர்காலத்தில் காய்ச்சலுற்றுத் தனியே கிடந்தபோது, அம்மூதாட்டிதான் நாள்தோறும் சூடான காய்கறிச் சாறு கொண்டுவந்து ஊட்டினாராம். நன்றி சொல்ல அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். முற்றத்துச் சுவரில் கம்பியாலான சிறு கூண்டு ஒன்று வெறுமையாய்த் தொங்கியது. அது என்னவென்று கேட்டேன்.

"பித்திர்ரோஸ் பிடிக்கும் பொறி" என்றார் முதியவர். "நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாரிடமும் இது இருந்தது. புழுவை உள்ளே வைப்போம். குருவி நுழைந்ததும் கதவு விழும். சில நாள் பாடும். வசந்தம் வருவதற்குள் பெரும்பாலும் இறந்துவிடும். அதற்கென்ன, அடுத்த குளிர்காலத்தில் வேறொன்று வரும் என்றிருந்தோம்."

1980ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் சட்டவிதிகள் வந்தன. அதன் பின்னும் தாம் ஒளித்து ஒளித்துப் பிடித்ததை அவர் மறைக்கவில்லை. ஒருநாள் சிக்கிய குருவியின் காலில் மெல்லிய உலோக வளையம் ஒன்று இருந்ததாம். அதில் அயல்நாட்டு எழுத்துகளும் எண்களும் பொறித்திருந்தன. "யாரோ ஒருவர் எங்கோ இதைக் கையில் ஏந்தி, எண் கொடுத்து, நலமாய்ப் போய்வா என்று அனுப்பியிருக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் எழுதுவேன்?" அன்று கதவைத் திறந்துவிட்டவர், கூண்டை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காக அது அங்கேயே இருக்கட்டும் என்றார்.

புனித மார்ட்டின் பறவை

தீவின் வடபகுதியில், மெல்லியாக் கடற்கரையின் பின்புறம், அதீரா என்னும் உவர்நீர்ச் சதுப்பு உள்ளது. 1962இல் தொடங்கப்பெற்ற மால்டாப் பறவையியல் கழகத்தினரின் முயற்சியால் அது காப்பிடமாக்கப்பட்டு, 1988இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அக்கழகமே இன்று "பேர்ட்லைப் மால்டா" என வழங்குகிறது. நீரின் நடுவே மண்மேடுகள் அமைத்துப் பறவைகள் அச்சமின்றித் தங்க வகை செய்துள்ளனர். மரப்பலகையாலான மறைகுடிலுள் அமர்ந்து, சிறு சாளரத்தின் வழியே பார்க்கவேண்டும்.

மழை தூறிக்கொண்டிருந்த காலைப்பொழுதில் நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்தோம். முக்குளிப்பான்கள் மூழ்கி எழுந்தன. திடீரென நீல மின்னலொன்று நீர்மேல் ஓடி, எதிரே இருந்த குச்சியில் அமர்ந்தது. நம் குளக்கரைகளில் காணும் அதே சிறு மீன்கொத்திதான்! அங்கு அதனைப் "புனித மார்ட்டின் பறவை" என்கின்றனர். ஆயிரமாயிரம் மைல்களுக்கு அப்பால் சொந்த ஊர்க்காரனைக் கண்டதுபோல் நான் மகிழ்ந்தேன். மகளோ, "அப்பா, மெதுவாகப் பேசுங்கள், பறந்துவிடும்" என்று என் கையைப் பற்றினாள்.

வலைகளின் வரலாறு

அதீராவிலிருந்து திரும்பும் வழியில், கடலை நோக்கிய பாறைவெளியில், புல்பூண்டு அகற்றிச் சமப்படுத்திய நீள்சதுரக் களங்கள் சிலவற்றைக் கண்டோம். அருகே கல்லாலான சிறு குடில்கள். இலையுதிர் காலத்தில் வலை விரிக்கும் இடங்கள் அவை. கூண்டில் அடைத்த குருவியைப் பாடவிட்டு, அதன் குரலுக்கு இறங்கிவரும் லின்னெட், கோல்டுபின்ச் முதலிய குருவிகளை இரு பக்கமும் மடியும் வலையால் மூடிப் பிடிப்பர்.

இவ்வழக்கம் அத்தீவில் மிகப் பழமையானது. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைப் புனித யோவான் சபை வீரர்களுக்கு வழங்கியபோது, ஆண்டுக்கு ஒரு வல்லூறு தரவேண்டும் என்பதே அவர் விதித்த வாடகை! அத்தகைய மண்ணில் பறவை பிடித்தல் தந்தை மகனுக்குத் தரும் குலச்சொத்தாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. 2004இல் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின் இதுபற்றிய வழக்கு பெரிதாயிற்று. வசந்தகால வேட்டை வேண்டுமா என்று 2015இல் மக்களையே கேட்டனர். 100க்கு 50 பேருக்குச் சற்று மிகுதியானோர் வேண்டும் என்று வாக்களித்தனர். நாடே இரண்டாகப் பிளந்து நின்றது. குருவிகளை வலைவைத்துப் பிடிக்க மால்டா அளித்த அனுமதி ஒன்றியத்தின் சட்டத்துக்கு மாறானது என ஐரோப்பிய நீதிமன்றம் 2018இலும், பின்னர் 2024இலும் தீர்ப்பளித்தது.

வலை வைப்போரைக் கொடியவர் என்று சொல்ல அடுத்த வீட்டு முதியவர் இசையவில்லை. அவருடைய உடன்பிறந்தாரே வலைக்களம் வைத்திருந்தவராம். "என் தம்பி தன் கூண்டுக் குருவிக்கு உணவிடாமல் தான் உண்ணமாட்டான். அவன் அதை நேசிக்கிறான். ஆனால் கையை விரிக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் இதுபற்றி நாங்கள் பேசுவதில்லை" என்றார். அவ்வளவு சொல்லவே அவர் குரல் தளர்ந்தது.

நீதிமன்றத்துக்கு எதிரே

புனித சின்னப்பரின் கப்பல் உடைந்து, அதிலிருந்த 276 பேரும் கரைசேர்ந்த தீவு இது என்பதை வாசகர்கள் அறிவர். அதுவும் ஒரு குளிர்காலமே. மழையிலும் குளிரிலும் நடுங்கி நின்ற அந்நியர்களுக்குத் தீவு மக்கள் தீ மூட்டி வரவேற்பளித்ததை அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. மூன்று மாதம் அவர்கள் இங்கே தங்கினர். இன்றும் பிப்ரவரி 10ஆம் நாள் அந்நிகழ்ச்சியைத் தலைநகர் வலேட்டாவில் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர். சின்னப்பரின் திருச்சுரூபம் தெருக்களில் பவனி வரும்போது, மாடங்களிலிருந்து காகிதத் துணுக்குகள் மழையெனப் பொழிகின்றன.

நான் ஊர் திரும்புமுன் ஒரு மாலை மகள் என்னை வலேட்டாவுக்கு அழைத்துச் சென்றாள். புனித யோவான் பேராலயத்தின் அருகே, நீதிமன்றத்துக்கு எதிரே, அடர்ந்த மரங்கள் நிற்கின்றன. அலுவலகங்கள் மூடி மக்கள் வீடு திரும்பும் நேரம். முதலில் கட்டடங்களின் விளிம்பில் இரண்டொரு வெள்ளை வாலாட்டிக் குருவிகள் வந்தமர்ந்து வாலை ஆட்டின. பிறகு பத்து, நூறு. கண் இமைப்பதற்குள் வானமே சிறகாயிற்று. பகலெல்லாம் வயல்களில் சிதறி இரைதேடிய ஆயிரக்கணக்கான குருவிகள் இரவு தங்க நகரின் நடுவே வந்திறங்கின. கீழே காப்பிக் கடையில் அமர்ந்திருந்தோர் மேலே விழும் எச்சத்துக்கு அஞ்சி நாற்காலியை நகர்த்திக்கொண்டனரேயன்றி, ஒருவரும் கை ஓங்கவில்லை. சிறுவன் ஒருவன் தந்தையின் தோள்மேல் அமர்ந்து அவற்றை எண்ண முயன்றுகொண்டிருந்தான்.

"மார்ச்சு மாதம் ஆனால் இவை தம் ஊருக்குப் போய்விடும் அப்பா" என்றாள் மகள். சற்று நேரம் கழித்து, "அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் வரும்" என்றாள். எது அதற்குச் சொந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. குளிருக்கு அஞ்சி வந்தவருக்கு ஒரு கிளை கொடுப்பதற்குப் பெரிய நாடு தேவையில்லை என்பதை அம்மரத்தடியில் நின்று கண்டேன். நம் ஊர் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் மாரிக்காலத்தில் விருந்தினர் வருகின்றனர். அவர்களைக் காணும்போது நம் பிள்ளைகளின் கையில் கல் இருக்கிறதா, வேறெதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்போமாக.