பாகன் இல்லா விமானம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராகிய யாம் சங்க நூலிலிருந்தோ சமய நூலிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வானொலி அலையால் இயங்கும் ஒரு சிறு மாதிரி விமானம். இலக்கணம் கற்பிப்பவனுக்கு விமானம் எதற்கு என நகைப்போர் சற்றுப் பொறுத்தருள்வாராக.

விமானம் என்னும் சொல் எமக்குப் புதியதன்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கருவறைமேல் எழுந்து நிற்பதும் விமானமே. வடமொழியில் அளத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த அச்சொல், அளந்து வகுக்கப்பட்டது என்னும் கருத்தை உடையது. கல்லாயினும் மரமாயினும் அளவு பிழைத்தால் விமானம் நில்லாது, பறப்பதாயின் பறவாது. இக்கட்டுரையில் யாம் கூறப்புகும் செய்தியெல்லாம் இவ்வொரு சொல்லினுள் அடங்கும்.

பாகன் செலுத்தாமலே செல்லும் விண்ணூர்தியைப் பற்றிய எண்ணமும் நம் முன்னோர்க்கு இருந்தது. நல்வினை செய்தோர் அத்தகைய ஊர்தியை எய்துவர் எனப் புறநானூறு பேசும். திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியிலோ சச்சந்த மன்னன் மயில் வடிவான பொறியொன்றைச் செய்வித்து, அதனைச் செலுத்தும் முறையையும் விசயைக்குப் பயிற்றுகின்றான். பொறியை வலமாகத் திருப்பின் எழும். இடமாகத் திருப்பின் இறங்கும். இவை கவிஞர் கண்ட கனவுகளே. இவற்றைக் காட்டி அக்காலத்தே விமானம் இருந்ததென வாதிடுதல் எம் நோக்கமன்று. கனவை நனவாக்கியோர் அளவுகோலும் தராசும் கையிற் கொண்டோரே.

அவர்களுட் பலர் விளையாட்டுப் பொருளிலிருந்தே தொடங்கினர் என்பது மாணாக்கர் மனங்கொள்ளத்தக்கது. 1871 இல் பிரான்சு நாட்டு அல்போன்ஸ் பெனோ, முறுக்கிய இறப்பர் நாடாவால் இயங்கும் சிறு விமானத்தைப் பாரிசில் பறக்கவிட்டார். அவர் வகுத்த முறையில் அமைந்த பறக்கும் பொம்மையொன்றையே 1878 இல் ரைட் சகோதரரின் தந்தையார் தம் மைந்தர்க்கு வாங்கிக் கொடுத்தார். அம்மைந்தரே 1903 டிசெம்பர் 17 இல் மனிதனைச் சுமந்த விமானத்தை 12 செக்கன் பறக்கச் செய்தனர். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1898 இல், நியூயோர்க்கில் நிக்கொலா தெஸ்லா சிறு படகொன்றை வானொலி அலையால் செலுத்திக் காட்டியிருந்தார். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த பின் 1937 இல் அமெரிக்காவின் வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் ‘கஃப்’ எனப் பெயரிய தம் மாதிரி விமானத்தை வானொலியால் ஆண்டனர். நம் தமிழ் மாணாக்கரும் இத்துறையில் பின்னிற்கவில்லை. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவரின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராய்த் துணைநிற்க, 2018 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிகழ்ந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது.

இனி எம் விமானத்தின் வரலாற்றைக் கூறுவோம். வெளிநாட்டிற் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர், தாம் இளமையிற் பறக்கவிட்ட மாதிரி விமானத்தை ஓர் அட்டைப்பெட்டியில் இட்டு எம்மிடம் ஒப்படைத்தார். சிறகின் நீளம் 120 சதமமீற்றர், அகலம் 20. பால்சா மரத்தாலான விலா எலும்புகளுள் ஏழு முறிந்திருந்தன. மூக்கிலிருந்த சிறு எஞ்சின் துருவேறி இறுகியிருந்தது. அவ்வெஞ்சினுக்கு மெதைல் அற்ககோலும் ஆமணக்கெண்ணெயும் நைத்திரோமெதேனும் கலந்த எரிபொருள் வேண்டும். அதனை மாத்தளைக் கடைத்தெருவில் தேடிப் பயனில்லை. ஆகவே எஞ்சினை நீக்கி மின்மோட்டரைப் பொருத்துவதெனத் தீர்மானித்தோம். ஆசிரிய கலாசாலையிற் கற்ற கைப்பணி எமக்குத் துணைநின்றது. மின்னியலுக்கு விஞ்ஞான ஆசிரியர் துணைநின்றார். பதினொராம் தர மாணவர் நால்வர் சனிக்கிழமை தோறும் வந்தனர்.

பால்சா கிடைக்காத இடத்து மூங்கிற் சிம்பும் ரிஜிபோம் தகடும் உதவின. முறிந்த ஒவ்வொரு விலாவிற்கும் இருமருங்கும் மெல்லிய சிம்பு வைத்துப் பைண்டர் பசையால் ஒட்டினோம். சிறகைப் போர்த்த, வெசாக் கூடு கட்டும் மெல்லிய தாளே போதுமாயிற்று. ஒட்டிய தாளின்மேல் நீரைத் தெளித்து நிழலில் உலர்த்தினால், அது சுருங்கி மத்தளத்தோல் போல் விறைத்து நிற்கும். ஆனால் ஈரம் உலரும்வரை சிறகைப் பலகையோடு பிணித்துவைத்தல் வேண்டும். இன்றேல் தாள் இழுத்த இழுப்பிற் சிறகு முறுகிவிடும். பசை மிகுந்தால் உறுதி மிகும் என மாணவர் நினைத்தனர். தராசு வேறு கூறிற்று. பசையும் ஒரு பாரமே.

வலு கணிக்கும் பணி அதனினும் சுவையானது. இத்தகைய அமைதியான விமானத்திற்குக் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 200 உவாற்று வேண்டும் என்பது இக்கலையில் வல்லோர் கூறும் பொதுவிதி. எம் விமானம் பற்றரியோடு 800 கிராம். ஆகவே 160 உவாற்று. மூன்று கலங்களைக் கொண்ட லித்தியம் பொலிமர் பற்றரியின் பெயரளவு அழுத்தம் 11.1 வோல்ற்று. 160 ஐ 11.1 ஆல் வகுத்தால் 14.4 அம்பியர். 1800 மில்லியம்பியர் மணிக் கொள்ளளவுடைய பற்றரி அம்மின்னோட்டத்தை ஏழரை நிமிடம் தரும். ஆயினும் அதனை முற்றாக வடித்தல் ஆகாது. ஒரு கலத்தின் அழுத்தம் 3 வோல்ற்றிற்குக் கீழிறங்கினால் கலம் கெடும், 4.2 இற்கு மேல் ஏற்றினால் வீங்கித் தீப்பற்றவும் கூடும். ஆகவே ஐந்தில் நான்கு பங்கே செலவிடத்தக்கது. முழுவலுவில் ஆறு நிமிடம். வகுத்தற் கணக்கிற்கு இத்துணை உயிருண்டு என்பதை அன்று மாணவர் கண்டனர்.

எஞ்சின் அகன்றமையால் மூக்குப் பாரம் குறைந்து வால் தாழ்ந்தது. சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் காற்பங்கு தொடக்கம் மூன்றிலொரு பங்கு வரையுள்ள இடத்தில் ஈர்ப்பு மையம் அமைதல் வேண்டும். எமக்கு 5 முதல் 6.6 சதமமீற்றர். பற்றரியை மூக்கினுள் முன்னே நகர்த்தி 6 சதமமீற்றரில் நிறுத்தினோம். இரு விரல்நுனியில் தாங்கியபோது விமானம் அசையாது நின்றது. அவ்வேளை மாணவர் முகத்திற் கண்ட ஒளியை யாம் யாப்பிலக்கண வகுப்பில் அரிதாகவே கண்டுள்ளோம்.

நால்வருள் ஒருவன் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவன். கைத்திறன் மிக்கவன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவனைக் கொழும்புக் கடையொன்றிற் சேர்ப்பதென வீட்டார் முடிவுசெய்திருந்தனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வரைந்த கோடுகள் தோட்டக் குடும்பங்களில் இன்னும் அழியவில்லை. தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரியும் அவன் தந்தையார் ஒரு சனிக்கிழமை நேரே வந்தார். “சேர், இவன் கடைக்குப் போனால் மாதாமாதம் காசு வரும். இதைச் செய்தால் என்ன வரும்?” என்று வினவினார். நேர்மையான வினா. அதற்கு உபதேசம் விடையாகாது என்பதை உணர்ந்து, “சற்று அமர்ந்து பாருங்கள், ஐயா” என்றோம்.

அன்று மோட்டரை முதன்முறை இயக்கும் நாள். விமானத்தை மேசையோடு பிணித்து, அனைவரையும் விசிறியின் பின்னே நிறுத்தி வலுவூட்டினோம். விசிறி சுழன்றது, ஆனால் காற்று முன்னோக்கி வீசியது. மோட்டர் எதிர்ப்புறமாகச் சுற்றுகின்றது. பற்றரியைக் கழற்றிய மைந்தன், மோட்டருக்குச் செல்லும் மூன்று கம்பிகளுள் இரண்டை இடம் மாற்றினான். தந்தையார் எழுந்து அருகே வந்தார். “எங்கள் கொழுந்து வாட்டும் விசிறி மோட்டருக்கும் மூன்று கம்பிதான். பழுதுபார்த்துப் பூட்டும்போது சுற்று மாறினால் நாங்களும் இரண்டைத்தான் மாற்றுவோம். இந்தச் சின்னப் பொருளிலும் அதுதானா?” என்றார். அதுவேதான். இம்மோட்டரும் மூன்று கம்பிகளில் மாறிமாறி வரும் மின்னோட்டத்தாற் சுழல்வதே. அடுத்த ஒரு மணிநேரம் ஆசிரியராயிருந்தவர் அவரே. விசிறியின் மரை தளராதிருக்க எங்ஙனம் இறுக்குவது, தாங்கி தேய்ந்ததைச் செவியால் எங்ஙனம் அறிவது என்பன எல்லாம் மாணவர்க்கு விளக்கினார். தம் தொழிலும் ஒரு கல்வியே என்பதை மைந்தனின் முன்னிலையில் அவர் கண்டார் போலும். விடுகைப் பத்திரம் பற்றி அன்று அவர் பேசவில்லை.

பறக்கவிடுதல் நினைத்தவுடன் செய்யத்தக்கதன்று. 2019 ஏப்ரில் 21 இல் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதல்களின் பின், ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுதலைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை சிலகாலம் இடைநிறுத்தியிருந்தது. எம் மாவட்டத்திலேயே சீகிரியாவில் விமான ஓடுதளமும் உண்டு. ஆகவே உரிய அநுமதி கிடைக்கும்வரை காத்திருந்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தவிர்த்து, மார்ச்சு மாதத்துக் காலையொன்றைத் தெரிந்துகொண்டோம். புறப்படுமுன் இன்னொரு சோதனை செய்தோம். மோட்டர் சுழலும்போதே கையிலுள்ள ஏவற்கருவியை நிறுத்தினோம். தொடர்பு அறுந்ததும் மோட்டர் தானே ஓய்ந்தது. சுக்கான் நடுநிலைக்கு மீண்டது. பகைவனின் வெற்றிமுரசு கேட்டு விசயை மயங்கியபோது மயிற்பொறி அவளை வீழ்த்தாது சுடுகாட்டில் இறக்கிய காட்சியை அங்கேயே மாணவர்க்கு எடுத்துரைத்தோம். செலுத்துவோர் தளர்ந்தாலும் ஊர்தி தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்னும் நினைவு அக்கவிஞர்க்கும் இருந்தது.

நக்கிள்ஸ் மலைத்தொடரின்மேல் வெயில் ஏறும் வேளையில் விமானம் எழுந்தது. நான்கு நிமிடம் மைதானத்தை வட்டமிட்டு இறங்கியது. இறங்கும்போது விசிறியின் ஒரு முனை முறிந்தது. “அடுத்த முறை வலுவை இன்னும் முன்பே குறைக்க வேண்டும், சேர்,” என்றான் அம்மாணவன். அடுத்த முறை என்னும் அச்சொல்லே எமக்குக் கிடைத்த பரிசு. அவன் இன்று உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவிற் பயில்கின்றான். ஆயின் அவனோடு உழைத்த இன்னொருவன் கொழும்புக் கடையொன்றிற்குச் சென்றுவிட்டான். இடச்சிறகின் விலாக்களை ஒட்டியவன் அவனே. அச்சிறகு இன்றுவரை இம்மியும் முறுகவில்லை.

பழைய மாணவப் பெருமக்களே! கேடயங்களும் பெயர் பொறித்த கதவுகளும் நீங்கள் எம் கல்லூரிக்கு உவந்தளித்தவை. அவற்றிற்கு நன்றியுடையோம். இனி உங்கள் வீட்டு மூலையிற் பழுதுற்றுக் கிடக்கும் கருவியையும், அதனைத் திருத்தக் கற்பிக்கும் ஒரு சனிக்கிழமையையும் தாருங்கள். தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அன்றைய பேருந்துக் கட்டணத்தையும் மதிய உணவையும் தாருங்கள். பழுதில்லாப் பொருள் பார்ப்பதற்கு அழகு. பழுதுற்ற பொருளோ பிள்ளையின் கையை அழைக்கும். இடச்சிறகை ஒட்டியவன் போல் இன்னொருவன் எம்மை விட்டகலாதிருக்க இஃது ஒரு வழியாகும். விழாக்காணும் எம் கல்லூரி நீடு வாழ்க.