ஊட்டி ரேஸும் நாற்பது பக்க நோட்டும்

மே மாதம் பிறந்தால் இன்றும் என் கை காலைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறது. கிரிக்கெட்டுக்காக அல்ல, ஊட்டி ரேஸ் செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க. 2024இல் குத்தகைப் பாக்கி விவகாரத்தில் அந்த மைதானத்து நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. அது தெரிந்தும் பழக்கம் போகவில்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் என் சித்தப்பா. அவர் ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரான்சில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருக்குத் தியெர்சே. முதல் மூன்று இடத்தில் வரும் குதிரைகளை முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்டுவது. அங்கே அது தொடங்கியது 1954இல். "நம்ம ஊர் இந்தியா கைக்கு வந்த அதே வருஷம்டா தம்பி" என்பார், ஏதோ இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சில். வேலைக்குச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். அலுவலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையை யாரும் தொடாத பக்கமாகப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். அது ரேஸ் பக்கமாக அமைந்தது. குதிரையின் பெயர், வயது, சுமக்கும் எடை, ஜாக்கி, ஓடும் தூரம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கிளார்க்குக்குப் பிடித்த மாதிரியான பக்கம்தான்.

1983 மே மாதம் சித்தப்பாவும் நானும் ஊட்டிக்குப் போனோம். சேலம், கோவை, மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறி மாறி ஏறினோம். சித்திரை பிறக்கும்போது தொடங்கி ஜூன் வரை அங்கே சீசன். கிண்டியில் வெயில் ஏறும்போது குதிரைகளை லாரியில் மலைக்கு ஏற்றிவிடுவார்கள். மைதானம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஊருக்கு நடுவில் கிடந்தது.

ரேஸ் தொடங்குமுன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அந்தக் குளிரில் அவற்றின் மூக்கிலிருந்து புகைபோல மூச்சு வரும். மினுமினுக்கும் தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். சித்தப்பா புத்தகத்தைப் பார்க்கமாட்டார், காதைப் பார்ப்பார். "காதை முன்னால வச்சிருக்கா, அது கவனமா இருக்கு. வியர்த்து நுரை தள்ளுதா, அது இங்கேயே ஓடி முடிச்சிடுச்சு" என்பார். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று சேணத்தோடு ஈயத்தகடு வைத்து அனுப்புவதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பிறகு எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று நாம் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பையில் ஜி.பி.எஃப். முன்பணம் இரண்டாயிரம் ரூபாய் இருந்தது. வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற எடுத்த பணம். பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துப் போனதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் ரேஸில் தொண்ணூறு ரூபாய் வந்தது. அதுதான் வினை. கடைசி ரேஸ் முடியும்போது அறுநூறு ரூபாய் போயிருந்தது. சித்தப்பா ரேஸுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கட்டாதவர். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். திட்டவில்லை. ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"பாரி மியூத்யுவேல்னா என்னடா அர்த்தம்? நீ படிச்சவனாச்சே" என்றார்.

"ஒருத்தருக்கொருத்தர் கட்டுற பந்தயம்."

"அப்ப நீ குதிரையோட போட்டி போடல. பக்கத்துல நின்னானே, அவனோட போட்டி போட்ட."

1860களில் ஜோசப் ஓலேர் என்பவர் பாரீஸில் கொண்டுவந்த முறை அது. நம் ஊர் டோட்டும் அதே வழிதான். எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழும். நூறு பேர் பத்துப் பத்து ரூபாய் போட்டால் ஆயிரம். கிளப்பின் பங்கு, வரி என்று இருநூறு போகிறது என்று வையுங்கள். மிச்சம் எண்ணூறைத்தான் ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆக, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே போகும்போதே இருநூறு நஷ்டம். சித்தப்பா இதைக் கண்ணாடி தம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்து விளக்கினார். "ஆசை இருந்தா காகிதத்துல ஆடு. சீசன் முடியட்டும், கணக்கைப் பார்" என்றார்.

ஊர் திரும்பியதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முந்தின நாள் பத்திரிகையைப் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுப்பேன். பத்து ரூபாய் கட்டியதாக எழுதுவேன். மறுநாள் முடிவைப் பார்த்து வரவோ செலவோ பதிவேன். கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. ஜூனில் சீசன் முடிந்து கூட்டிப் பார்த்தேன். கட்டியது அறுபத்து நாலு தடவை, 640 ரூபாய். திரும்பி வந்தது 505. நஷ்டம் 135. ஏறக்குறைய தம்ளர் கணக்குப்படியே இருந்தது. நோட்டை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, புத்தி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. அறுநூறு ரூபாய் குறைந்ததால் அடுக்களைப் பக்கம் ஓடு மாற்றாமல் விட்டிருந்தேன். "ஆள் கூலி ஏறிப்போச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். சரியாக அந்த இடத்தில் ஒழுகியது. பெட்டி நனையக் கூடாதென்று அவள் அதை இழுத்துத் திறந்தாள். நோட்டு கிடைத்தது.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அறுநூத்து நாப்பது ரூபாய்க்கு ரேஸ் ஆடியிருக்கீங்களா?" என்றாள். கண் சிவந்திருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. செய்யாத குற்றம் அல்லவா! "அது நிஜம் இல்ல, காகிதக் கணக்கு" என்று தேதி தேதியாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒழுகும் இடத்தைப் பார்த்தாள்.

"அப்ப நிஜக் கணக்கு எங்கே எழுதியிருக்கீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. கட்டாத பணத்தைப் பைசா சுத்தமாக எழுதிய கை, கட்டிய பணத்தை ஒரு வரிகூட எழுதவில்லை. அப்புறம்தான் ஊட்டியில் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்து, "முதல் பக்கத்துல எழுதுங்க" என்றாள். 'கூரைப் பணம், ரூ. 600' என்று எழுதினேன். ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த மூன்று மாதச் சம்பளத்தில் இருநூறு இருநூறாக எடுத்து வைத்து, மாசியில் அடுக்களைக்கும் ஓடு மாற்றினோம்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டுதான் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது சித்தப்பா உயிரோடு இருந்தார். "பாத்தியா!" என்று சிரித்தார். திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் உண்டு சித்தப்பா, எனக்கு இல்லை என்றேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஊட்டி முடிவுகளைப் படித்தோம். பந்தயம் டீக்கு மட்டும்தான். பெரும்பாலும் அவரே ஜெயிப்பார்.

சித்தப்பாவும் போய்விட்டார். நோட்டு இருக்கிறது. போன வாரம் பேரன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் வரியைக் காட்டி இது என்ன தாத்தா என்று கேட்டான். அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "உங்க தாத்தா எழுதினதுல அது ஒண்ணுதான்டா நிஜம்."