மண்டோவிக் கரையில் ஒரு பகல்

பழைய கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலை வணங்கிவிட்டு, இரவு இரயிலுக்காகப் பனாஜியில் பகலைக் கழித்தேன். மயிலாடுதுறைவரை வழிச்செலவுக்கே பணம் இருந்தது. மண்டோவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நின்றன. 2020 முதல் கோவா மக்கள் அவற்றில் ஆடத் தடை. வரவேற்பெல்லாம் நம்மைப் போன்ற வெளியூராருக்குத்தான்!

அமலோற்பவ அன்னை ஆலயப் படிகளில் அமர்ந்தேன். பாவ் ரொட்டியும் பாஜியும் பசியாற்றின. பெத்திம் செல்லும் படகில் நடந்து வருவோரிடம் கட்டணம் வாங்கவில்லை. இருமுறை போய் வந்தேன். கப்பலில் ஏறிப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் எழாமலில்லை.

அப்போது தந்தையாரின் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. 2003-இல் தமிழகத்தில் லாட்டரி தடைசெய்யப்படும்வரை, குறுவை நெல் விற்ற பணம் சீட்டுகளாகி அதில்தான் கிடந்தது. அம்மா ஒரு சொல்லும் சொன்னதில்லை. சட்டையைத் துவைக்குமுன் சீட்டுகளை எடுத்து, நனையாமல் மாடத்தில் வைப்பார்.